தொண்டைக்குள் இறங்கிய இரண்டு மடக்கு

1994 ஜனவரி 18, செவ்வாய்க்கிழமை, காலை மணி 11.40. ஏற்காட்டில் மூடுபனி இன்னும் விலகவில்லை. வாசலிலிருந்து எண்ணினால் ஒன்பதாவது சில்வர் ஓக் மரத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. பெரியசாமிக் கவுண்டர் வீட்டில், காப்பிக்கொட்டை மூட்டை ஒன்றின் மேல், நான் இத்தாலியிலிருந்து சுமந்து வந்த இரண்டு வைன் பாட்டில்கள் நின்றன. தக்கையை இழுக்கும் திருகைக் கொண்டுவர மறந்திருந்தேன். கவுண்டரின் மனைவி பாப்பாத்தி இரண்டு தக்கைகளையும் மத்துக் காம்பால் உள்ளே குத்தித் தள்ளிவிட்டு, இரண்டு எவர்சில்வர் டம்ளர்களைக் கொண்டுவந்து வைத்தார். பதினோரு வருடமாகத் தக்கை வெளியே வருவதைத்தான் பார்த்திருக்கிறேன். அது உள்ளே விழுந்து மிதப்பதை அன்றுதான் பார்த்தேன்.

இங்கே காப்பி எஸ்டேட்டில் நான் இருபத்தாறு வருடம் ரைட்டர். கணக்கு எழுதுவதோடு காப்பி ருசி பார்ப்பதும் என் வேலை. கவுண்டர் பழம் அரைக்கும் கொட்டகைக்கு மேஸ்திரி. இருவரும் ஒரே மேசையில் நின்று, கரண்டியால் உறிஞ்சி, வாயில் சுழற்றி, துப்புவோம். 1983-ல் நானும் மனைவி செல்லம்மாளும் மூத்த மகன் வேலை பார்க்கும், இத்தாலியின் ஆல்பா என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். வீட்டுக்காரர் பியேத்ரோவுக்குத் திராட்சைத் தோட்டம் உண்டு. அவர் செய்வது பரோலோ என்ற வைன். அவருடைய மருமகன் பிரெஞ்சுக்காரர், தன் நாட்டு வைனான போர்தோவைத் தவிர மற்றதெல்லாம் தண்ணீர் என்பவர். ஒவ்வொரு அறுவடை விருந்திலும் பியேத்ரோ இரண்டு கோப்பைகளை என் முன் வைத்து, எது உசத்தி என்று கேட்பார். நான் வாயில் சுழற்றிவிட்டுப் பூந்தொட்டியில் துப்புவேன். உறவுக்காரனாக நினைத்து உட்காரவைத்தால் வியாபாரியைப் போலத் துப்புகிறானே என்று அவருக்குத் தீராத மனத்தாங்கல். எனக்குத் தெரிந்த இத்தாலியச் சொற்கள் இருநூற்றுப் பன்னிரண்டு. சத்தியம் என்பதற்கான சொல் அவற்றில் இல்லை.

1968-ல், கடைசிப் பிரசவத்துக்குப் பிறகு செல்லம்மாள் ஒன்பது நாள் காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தாள். அப்போது நான் சனிக்கிழமை தோறும் குடிப்பவன். பத்தாம் நாள் சேர்வராயன் கோயிலில், எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். இனி ஒரு சொட்டு என் தொண்டையில் இறங்கினால் அது அவள் உயிரைக் கேட்கட்டும் என்று சொன்னேன். அன்று மாலையே அவள் கஞ்சி கேட்டாள். கடல் தாண்டினால் சத்தியம் விட்டுப்போகுமா என்று அங்கே நம்மவர்கள் ஏழு பேரிடம் கேட்டிருக்கிறேன். மூன்று பேர் போகும் என்றார்கள், நான்கு பேர் போகாது என்றார்கள். நான் துப்பிக்கொண்டே இருந்தேன்.

துப்பியதையெல்லாம் கவுண்டருக்குக் கடிதமாக எழுதினேன். போன வருடம் அவருக்கு நாக்கில் புற்று வந்தது. கரண்ட் என்று சொல்லும் கதிர்வீச்சு வைத்ததில் ருசி முழுவதும் போய்விட்டது. "போய்ப் பாத்துட்டு வாங்க" என்று என்னை அனுப்பியவளே செல்லம்மாள்தான். நான் விமானம் ஏறிய பிறகு அவளுடைய இருதய ஆபரேஷனுக்கு 27-ம் தேதி குறித்துவிட்டார்கள். என் திரும்பும் டிக்கெட் 25-ம் தேதிக்கு.

"ஏனுங்க ரைட்டரே, நாப்பத்தொரு கடுதாசி எழுதுனீங்க" என்றார் கவுண்டர். பேச்சு குழறினாலும் எனக்குப் புரிந்தது. "எல்லாத்துலயும் மூக்கு இருக்குது, நாக்கு இருக்குது. தொண்டை எங்கீங்க?"

"துப்புறவனுக்குத் தொண்டை எப்படித் தெரியும், கவுண்டரே?"

"அதத்தான் கேக்கறேன். வர்ற திங்கக்கெழம கஞ்சி ஊத்த எனக்கு வயித்துல கொழா போட்டுருவாங்க. உங்க தொண்டையில எறக்கி எனக்குச் சொல்லுங்க."

"நல்லா இருக்குதுங்க நாயம்" என்றார் பாப்பாத்தி. "இவருக்குக் குடிக்கக்கூட ஆள் வெக்கோணும்."

கவுண்டர் சிரிக்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். சத்தியத்தைச் சொல்லியிருக்கலாம். கற்பூரம் அடித்த அன்று என் பக்கத்தில் நின்றவரே அவர்தான். தெரிந்தே கேட்கிற மனிதரிடம் என்ன சொல்வது?

முதலில் போர்தோ. நன்றாகப் பழுத்த நாவல் பழத்தின் நிறம், சீவிய பென்சிலின் வாசனை. வாய் முழுவதும் நிறைந்து, எங்கும் உறுத்தாமல் இறங்கியது. இறங்கியதும் விடைபெற்றுக்கொண்டது. அடுத்து பரோலோ. பார்வைக்கு நீர்த்த டீ. முகர்ந்தால் வாடிய ரோஜா, அதன் அடியில் புதிதாகத் தார் போட்ட ரோடு. நாக்கில் பட்டதும் கடுக்காயைக் கடித்ததுபோல் ஈறெல்லாம் இழுத்துப் பிடித்தது. ஆனால் விழுங்கிய பிறகுதான் அது தொடங்கியது. தொண்டையிலிருந்து திரும்ப ஏறி மூக்குக்கு வந்தது. நான் நாற்பத்து மூன்று வரை எண்ணினேன். போகவில்லை.

சொன்னேன். கவுண்டர் கண்ணை மூடிக் கேட்டார். அவர் குரல்வளை ஒருமுறை ஏறி இறங்கியது.

"அப்ப பிரெஞ்சுக்காரன் விருந்தாளி" என்றார். "உங்க ஊட்டுக்காரர் சரக்கு கடங்காரன். வாசலை விட்டு நகரமாட்டேங்கறான். எனக்குக் கடங்காரனே போதுமுங்க. நொம்ப நேரம் இருப்பான்."

மணி 11.52. எப்படி எண்ணினாலும் இரண்டு மடக்கு.

ஏரிக்கரை டெலிபோன் பூத்துக்கு ஓடினேன் என்று எழுத ஆசை. எழுபத்தொரு வயதில் நடந்துதான் போனேன், முப்பது நிமிடம் ஆனது. மாதக் கட்டணத்துக்குப் பயந்து எங்கள் மாடிக்குப் போன் வேண்டாம் என்று நானே தடுத்திருந்தேன். ஆகவே கீழ்வீட்டில் பியேத்ரோதான் எடுத்தார். அங்கே இன்னும் எட்டு மணி ஆகவில்லை.

"செல்லம்மா" என்றேன்.

"ஓ, ஸிஞ்ஞோர் கந்தசாமி! பரோலோ? போர்தோ?"

தீர்ப்புச் சொல்லத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்துவிட்டார். மனைவி என்பதற்கான சொல்லைச் சொன்னேன். அவருக்கு அது வேடிக்கையாக இருந்தது. முதலில் வைன், அப்புறம் மனைவி என்றார். பூத்துக்காரர் கண்ணாடியைத் தட்டி, "பெரியவருங்க, செவப்பு நம்பர் ஓடுது" என்றார். பரோலோ என்றேன். துப்பினாயா என்று பியேத்ரோ கேட்டார். இல்லை, குடித்தேன் என்றேன். சத்தியத்தை மீறியதை முதன்முதலாக ஒப்புக்கொண்டது, அந்தச் சத்தியத்தை அறியாத மனிதரிடம். அவர் மகிழ்ச்சியில் கத்தினார். ரிசீவரை மேசையில் போட்டுவிட்டுப் படிக்கட்டை நோக்கி அவளைக் கூவி அழைத்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாடிக்குப் படிகள் நாற்பத்தாறு. டாக்டர் அவளைப் படி இறங்கவே கூடாது என்றிருந்தார். வேண்டாம், வேண்டாம் என்று தமிழில் கத்தினேன். மேசைமேல் கிடக்கும் ரிசீவருக்கு என்ன கேட்கும்? அவள் செருப்புச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு படியாக எண்ணினேன். இருபத்தொன்றில் நின்றாள். பிறகு மறுபடி இறங்கினாள். ஒரு காதில் ஆல்பாவின் மாதா கோயில் மணி எட்டு அடித்தது. மறு காதில் சேலம் பஸ்ஸின் கண்டக்டர் விசில் கொடுத்தார். நான் எந்த ஊரிலும் அவளைத் தாங்கிப் பிடிக்கும் தூரத்தில் இல்லை.

"ஏனுங்க... என்னாச்சு... இந்நேரத்துல?" மூச்சு இரைத்தது. படியால் இரைக்கிறதா, என்னால் இரைக்கிறதா என்று கேட்க முடியவில்லை.

"சும்மாதான். உடம்பு எப்படி?"

"நல்லா இருக்கறனுங்க. கவுண்டரு சாப்பிடறாரா?"

"கொஞ்சம்."

"காசு ஓடும், வெச்சிருங்க" என்று அவளே வைத்துவிட்டாள். மறுபடி நாற்பத்தாறு ஏற வேண்டும். அதை எண்ண எனக்குக் காது இல்லை.

மீட்டர் நின்றது. ஆறு நிமிடம் பதினொரு வினாடி. நானூற்றுப் பதின்மூன்று ரூபாய்.