தயிரில் ஊறிய குழாய்கள்

ஆயுத பூஜையன்று பூந்தமல்லிக்கு வயர் வாங்கப் போய்விட்டுத் திரும்பினேன். வாசலில் வாழையிலை விரித்து, என் பித்தளைக் குழாய்கள் ஆறையும் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டிருந்தார் என் வீட்டுக்காரர். புளி போட்டுத் தேய்த்ததில் அத்தனையும் நகைக்கடை மாதிரி மின்னின.

“இன்னாம்மே, எப்டிக் கீது? உன் தொழிலுக்கும் பூஜை போட வேணாமா? என் லோடு ஆட்டோவக்கூட இவ்ளோ தேய்க்கல.”

அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அவை இடித்த பழைய பங்களாக்களிலிருந்து வந்த குழாய்கள். சென்னீர்குப்பத்தில் ஹைவே ஓரம் பழைய கதவு, ஜன்னல் விற்கிற கடையில் எடைக்குக் கிடைக்கும். நான் அவற்றைத் துளைபோட்டு, திருகுக்குள் ஒரு சின்ன சுவிட்சை ஒளித்து, வாயில் பல்பு மாட்டி, சுவர் விளக்காக்குவேன். குழாயைத் திறந்தால் தண்ணீருக்குப் பதில் வெளிச்சம் வரும். எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் சுவிட்ச் பூட்டிக்கொண்டிருந்தவள் நான். ஆட்குறைப்பில் வெளியே அனுப்பிய கம்பெனி இப்போது மறுபடி கூப்பிட்டிருந்தது. திங்கட்கிழமை வருகிறாயா இல்லையா என்று சூப்பர்வைசர் தினமும் போன் செய்தார். அதற்கு முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை, குமணன்சாவடியில் ஒரு பெண் புதிதாக டீக்கடை திறக்கிறாள்; கடைச்சுவருக்கு ஆறு விளக்கு கேட்டிருந்தாள். என் முதல் பெரிய ஆர்டர். அது நல்லபடியாக முடிந்தால் கம்பெனிக்கு வரலை என்று சொல்லலாம். முடியாவிட்டால் திங்கட்கிழமை பழையபடி லைனில் போய் நிற்க வேண்டியதுதான்.

அந்தப் பெண் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தாள். “அக்கா, இந்தக் கறுப்பும் பச்சையும்தான் எனக்கு அழகு. தேய்ச்சு கீய்ச்சு வெச்சிடாதீங்க.”

இதை நான் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் இவர் ஆர்வத்தில் ஏதாவது செய்து வைப்பார் என்று பயந்து சொல்லாமல் விட்டேன். சொல்லாததால் செய்து வைத்தார். கேஸை மூடினேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிற ஜாதி நான். ஷாக் அடித்தால் என்ன செய்வது, ஆணி பிடுங்கிக்கொண்டு யார் தலையிலாவது விழுந்தால் என்ன செய்வது என்று எத்தனையோ கவலைப்பட்டிருந்தேன். புளியைப் பற்றிக் கவலைப்படத் தோன்றவில்லை.

“ஏம்மே அழுவுற? அழுக்கத்தான எடுத்தேன்?”

“அந்த அழுக்குக்குத்தான்யா அவ காசு குடுக்குறா!”

“அழுக்குக்குக் காசா? அப்போ என் காக்கிச் சட்டைய வித்துருக்கலாமே.”

சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் சிரிப்புமாக மூக்கைத் துடைக்கும்போதுதான் தோன்றியது. பித்தளையில் மோரை வைக்காதே, களிம்பேறிடும் என்று திட்டு வாங்காத பெண் உண்டா? களிம்பு ஏறாமல் இருக்க என்ன செய்யக்கூடாதோ, அதைச் செய்தால் ஏறத்தானே வேண்டும்?

“யோவ், போய்த் தயிர் வாங்கினு வா. நல்லாப் புளிச்சது.”

“புளிச்ச தயிரு கேட்டா கடைக்காரன் சிரிப்பான்.”

“விக்காத தயிர யார் தலைல கட்டலாம்னு குந்திகினு கீறான். கும்பிடு போட்டுக் குடுப்பான், போ.”

குங்குமத்தைக் கழுவி, உப்புக் கலந்த தயிரைக் குழாய்கள் மேல் அப்பினேன். ஈரச் சாக்கில் சுற்றிப் பக்கெட்டில் போட்டு மூடினேன். வாடை மதில் தாண்டியது. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தாள்.

“இன்னாம்மா, ஊறுகாயா?”

“கொழாய்க்கா.”

“கொழாய ஊறப் போட்டுகினு கீறியா? பொரிக்கவா, கொழம்பு வைக்கவா?”

மறுநாள் சாக்கைப் பிரித்தேன். பச்சை இல்லை, டீக்கறை மாதிரி ஒரு மங்கல், அவ்வளவுதான். குழாயைத் தயிர் தின்றுவிட்டால்? திருகு இறுகிவிட்டால்? சோறு இறங்கவில்லை. மறுபடி உப்பும் தயிரும் அப்பி மூடினேன். அதற்கடுத்த நாள் பிரித்தபோது திருகின் பள்ளங்களிலும் கழுத்து வளைவிலும் பாசி மாதிரி பச்சை பிடித்திருந்தது. மற்ற இடமெல்லாம் கறுத்துக் கிடந்தது. நான் போட்ட கூச்சலில் வீட்டுக்காரர் ஆட்டோவுக்குக் கீழே இருந்து எழுந்து தலையை இடித்துக்கொண்டார்.

அலசிக் காயவைத்து, களிம்பு கையில் ஒட்டாமலிருக்க மெழுகு பூசினேன். வயரிங் முடித்து, எர்த் கொடுத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்தேன். திரும்பவும் பார்த்தேன்.

“உட்டா என் தலைலயும் டெஸ்டர் வைப்ப” என்றார் அவர்.

சனிக்கிழமை கடைச்சுவரில் விளக்குகளை மாட்டினோம். அந்தப் பெண் கிட்டே வந்து, பச்சைமேல் விரலை ஓட்டி, “எத்தனை வருஷத்துப் பச்சையோ!” என்றாள். தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் என்றைக்காவது தெரிந்துவிடுமோ என்ற பயத்தோடு என்னால் குடித்தனம் நடத்த முடியாது. பூஜை, புளி, தயிர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

அவள் வாயைத் திறந்தபடி கேட்டாள். பிறகு என் கையைப் பிடித்துக் கல்லாவுக்குப் பின்னால் இழுத்துப் போனாள். புதுப் பித்தளைக் கைப்பிடிக் கம்பி ஒன்று அங்கே பளபளத்தது.

“இதப் பாருங்கக்கா, கண்ணக் குத்துது. பழசு கிடைக்காம புதுசு வாங்கிட்டேன். இதுக்கும் தயிர் போட்டுக் குடுப்பீங்களா? வானகரத்துல எங்க அண்ணன் ஒரு கடை போடுறாரு, அங்கயும் விளக்கு வேணும்னாரு.”

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் ஒரு லாரி டிரைவர் டீ கிளாஸைக் குழாய்க்குக் கீழே பிடித்துத் திருகினார். கிளாஸ் முழுக்க வெளிச்சம் விழுந்தது. “அண்ணாத்தே, எனக்கும் ஒண்ணு, சக்கர கம்மியா!” என்று பின்னால் யாரோ கத்த, கடையே சிரித்தது. ஆறு குழாயையும் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்கள். ஒருவருக்கும் ஷாக் அடிக்கவில்லை.

அந்தச் சத்தத்தின் நடுவே போன் அடித்தது. சூப்பர்வைசர்.

“நாளைக்கு வரியா, இல்ல வேற ஆள் போடட்டுமா?”

“போட்டுக்குங்க சார். நான் வரல.”

“ஏன், வேற எங்கயாச்சும் சேந்துட்டியா?”

“இல்ல சார். நானே ஆள் போடலாம்னு கீறேன்.”