வேலமரத்தில் தொங்கிய பை

சுபைஹாவுக்கு ஆம்பளை வேலை மேல் ஆசை வந்துவிட்டது. சினாய் மலையில் வெள்ளைக்காரர்களுக்கு வழிகாட்டப் போகிறாளாம். முப்பது வருஷம் அதே மலையில் ஆடு மேய்த்தவள், ஒரு குட்டியைக்கூடத் தொலைத்ததில்லை. ஆனால் ஆடு வேறு, வெள்ளைக்காரர் வேறு என்று ஊர் ஆண்களுக்குத் திடீரென்று ஞானம் பிறந்தது.

அதிலும் செத்துப்போன புருஷனின் தம்பி சுவெய்லிமுக்குத்தான் வயிறு அதிகம் எரிந்தது. வழிகாட்டிகளில் அவன் ராஜா. ஐம்பத்தெட்டு வயதிலும் தாடி கன்னங்கரேல் என்றிருக்கும். கேட்டால், ஆட்டுப்பால் மகிமை என்பான்.

"வழிகாட்டின்னா சும்மாவா அண்ணி? சாம்பல்ல சுட்ட ரொட்டிதான் எனக்குச் சாப்பாடு. கல்லுதான் தலகாணி. உங்களால முடியுமா?"

"உங்க அண்ணன் குறட்டைக்குப் பக்கத்துல இருபது வருஷம் தூங்கினவ நான். கல்லு பேசாம கிடக்கும் தம்பி."

ஊர்த்தலைவர் ஷேக் ஜுமா தீர்ப்புச் சொன்னார். ஒரே ஒரு பயணம், நாலு பேர், மூன்று நாள். பட்டினியில்லாமல் கூட்டி வந்தால் வேலை அவளுக்கு. இல்லையென்றால் ஆயுசுக்கும் ஆடு.

சுவெய்லிம் பெரிய மனசு பண்ணி ஒரு ஒட்டகம்கூடத் தரவில்லை. அதனால் அவள் ஒரு வாரம் முன்பே நடந்து போய், இரண்டாம் நாள் தங்கும் இடத்து வேலமரத்தில் மாவும் பருப்பும் கட்டித் தொங்கவிட்டு வந்தாள். அந்த மலையில் மரத்தில் தொங்குவதை யாரும் தொடமாட்டார்கள். ஆடு திருடுகிறவன்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு போவான்.

ஆனால் அந்த நாலு பேரில் ஒருத்தியான யுட்டா திருடியில்லையே, ரொம்ப நல்லவள். இரண்டாம் நாள் எல்லோருக்கும் முன்னால் நடந்து மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

"சுபைஹா! யாரோ அழுக்கு மூட்டையை மரத்துல மாட்டிட்டுப் போயிருக்காங்க. உள்ளே இருந்ததை எறும்புக்குக் கொட்டிட்டேன். உங்க பாலைவனத்தைச் சுத்தம் பண்ணியாச்சு!"

சாக்கை அழகாக மடித்துக் குப்பைப் பையிலும் வைத்திருந்தாள். எறும்புகளுக்குக் கல்யாண விருந்து.

"ரொம்ப சந்தோஷம்மா," என்றாள் சுபைஹா. "எறும்பு உங்களை மறக்காது."

வெயில் சாய நேரம் இருந்தது. அடுத்த பள்ளத்தாக்கில் சுவெய்லிமின் பை தொங்குவது ஊருக்கே தெரியும். பசித்தவர் மட்டும் எடுக்கலாம், அது மலை முறை. அடையாளம் விட்டு வரவேண்டும், ஊர் திரும்பியதும் எடுத்ததை எல்லாம் சபையில் வாய்விட்டுச் சொல்லவேண்டும். அவள் முக்காட்டில் ஒரு துண்டைக் கிழித்துக் கிளையில் கட்டினாள். பையைப் பிரித்தாள்.

கையளவு மாவு. பன்னிரண்டு நூடுல்ஸ் பாக்கெட். ஒரு பஞ்சுத் தலகாணி. தாடிக்குப் பூசும் கறுப்புச் சாயம், ஒரு டப்பா.

கல்லைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு பையோடு தூக்கிக்கொண்டு வந்து நூடுல்ஸை வேகவைத்துப் போட்டாள். நாலு பேரும் தட்டை வழித்துச் சாப்பிட்டார்கள். பழங்காலத்துப் பாலைவனச் சமையல் என்று யுட்டா போட்டோ எடுத்து, பக்குவமும் கேட்டுக்கொண்டாள்.

ஊர் திரும்பியதும் சுவெய்லிம் குதித்தான். "என் பையைத் தொட்டுட்டா! பட்டினி போடப் பார்த்தவளுக்கு வழிகாட்டி வேலையா?"

"எடுத்ததைச் சொல்லும்மா," என்றார் ஷேக்.

"ஒண்ணுவிடாம சொல்றேன் மாமா. மாவு ஒரு கையளவு." அவள் கொழுந்தனின் தாடியை நிதானமாகப் பார்த்தாள். "அப்புறம்..."

"மாவுதான்!" சுவெய்லிமுக்கு வேர்த்துவிட்டது. "வெறும் மாவு! அண்ணி எடுத்தா என்ன, நான் எடுத்தா என்ன? விடுங்க ஷேக்!"

"இல்ல தம்பி, முறைன்னு ஒண்ணு இருக்கே."

"முறையெல்லாம் முடிஞ்சுபோச்சு அண்ணி! அந்த நாலு பேரைப் பாருங்க ஷேக், தொப்பை போட்டு வந்திருக்காங்க. வேலையை அண்ணிக்கே குடுங்க!"

"அடுத்த தடவை ரெண்டு ஒட்டகம் வேணுமே?"

"மூணா ஓட்டிட்டுப் போங்க."

டப்பாவை அவன் கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள். எப்படிக் கேட்பான்? மாதம் திரும்புவதற்குள் தாடி கொக்குமாதிரி வெளுத்துவிட்டது. இந்த வருஷம் ஆட்டுப்பால் சரியில்லையாம்.