நல்லா ஓடுது மச்சான்

நான் சொன்ன பொய்களிலேயே அதிக நாள் ஓடியது ஒரு வண்டியைப் பற்றியதுதான். வண்டி ஓடாமல் நின்ற நாட்களிலும் பொய் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வண்டியை எனக்குக் கொடுத்தவர் மச்சான். என் மனைவியின் அண்ணன். விருதுநகரில் மிளகாய் வத்தல் மண்டி வைத்திருந்தார். வசதி வந்தவர்கள் எல்லோரும் டீசல் வண்டியாக வாங்கிக் குவித்த காலத்தில், சத்தமே இருக்காது என்று யாரோ சொன்னதை நம்பி, ஒரு பெரிய எஸ்.யூ.வி.யைப் பெட்ரோலில் வாங்கியவர் அவர் ஒருவர்தான். தூரத்தில் அந்த வண்டியைப் பார்த்தாலே பெட்ரோல் பங்கில் உட்கார்ந்திருக்கும் ஆள் எழுந்து நின்றுவிடுவார்.

எனக்குச் சிவகாசியில் சின்னதாக ஒரு அச்சகம். காலண்டர், லேபிள் என்று வந்த வேலையையெல்லாம் அடிப்போம். வடக்கேயிருந்து ஆர்டர் கொடுக்க வரும் வியாபாரிகளை விருதுநகர் ஸ்டேஷனிலிருந்து ஸ்கூட்டரில் ஏற்றி வருவேன். அவர்கள் ஒரு கையில் சூட்கேஸையும் மறு கையில் என்னையும் கட்டிப்பிடித்துக்கொண்டு வருவார்கள். ஒருநாள் மச்சான் இதைப் பார்த்துவிட்டார்.

“மாப்ள, வடக்க இருந்து வர்ற பார்ட்டிய ஸ்கூட்டர்ல கூட்டிட்டுப் போனா, ஸ்கூட்டர் அளவுக்குத்தான் ஆர்டர் குடுப்பாக. நம்ம வண்டிய எடுத்துக்கோங்க. வீட்டுக்குள்ள என்ன பெரிய விலை? கம்பெனி வாரண்டி வேற இன்னும் இருக்கு.”

வாரண்டி இருந்தது உண்மைதான். பத்தொன்பது நாள் இருந்தது. இருபதாம் நாள் காலையில், ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது.

மதுரையில் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனேன். டை கட்டிய ஒருவர் வாரண்டி புத்தகத்தைப் பிரித்து, கடைசிப் பக்கத்தில் எறும்பு வரிசை மாதிரி இருந்த எழுத்துகளைக் காட்டினார். இங்கே ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். மிக்சிக்கும் ஃபேனுக்கும் போடுகிற வாரண்டி கார்டுகளை அடிப்பதும் என் தொழில்தான். ‘நிபந்தனை எல்லாம் இருக்கணும், ஆனா யாரும் படிச்சிரக் கூடாது’ என்பார்கள் வாடிக்கையாளர்கள். எழுத்தை எவ்வளவு சின்னதாக்கலாம், கறுப்பை எவ்வளவு சாம்பலாக்கலாம் என்பதில் நான் பெயர் வாங்கியவன். எத்தனை குடும்பங்களின் மிக்சி என்னால் அநாதையாயிற்றோ தெரியாது. இப்போது என் முறை. புத்தகத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வாயில் வந்தது இதுதான்:

“பிரிண்டிங் நல்லாருக்கே. எங்க அடிச்சீங்க?”

அவர் எனக்குப் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டார்.

அடுத்த மாதம் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. பந்தியில் எதிர் வரிசையிலிருந்து மச்சான் சத்தமாகக் கேட்டார்: “வண்டி எப்படி ஓடுது மாப்ள?” நாற்பது இலைகளுக்கு முன்னாலிருந்த நாற்பது தலைகள் நிமிர்ந்தன. சல்லிசாகக் கொடுத்தவர். மனைவியின் அண்ணன். பக்கத்தில் மனைவி. நான் என்ன சொல்வேன்?

“நல்லா ஓடுது மச்சான்.”

அவ்வளவுதான், கதவு சாத்திக்கொண்டது. ஒரு தடவை நல்லா ஓடுது என்று சொன்னவன் அடுத்த விசேஷத்தில் சுமாராக ஓடுகிறது என்று சொல்ல முடியாது. போன தடவையை விடக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்ல வேண்டும். ‘வழுக்கிட்டுப் போகுது மச்சான்’ என்றேன் ஒரு கல்யாணத்தில். ‘தொட்டில் மாதிரி இருக்கு’ என்றேன் ஒரு வளைகாப்பில். வெளியாளிடம் விற்றுத் தொலைக்கவும் வழியில்லை. ‘மச்சான் ஆசையாக் கொடுத்த வண்டியத் தள்ளிவிட்டுட்டான்’ என்ற பேச்சு நான் வீடு திரும்புவதற்குள் விருதுநகர் போய்ச் சேர்ந்துவிடும். வைத்திருக்க முடியாது, விற்க முடியாது, குறை சொல்லவும் முடியாது. மூன்று வருஷம் அப்படி.

வண்டியின் குறைகளும் ஒன்றொன்றாகத்தான் வந்தன, மரியாதை தெரிந்த விருந்தாளிகள் மாதிரி. மச்சான் அதில் சாம்பிள் வத்தல் மூட்டை ஏற்றிய புண்ணியத்தில், ஏ.சி.யைப் போட்டால் நெடி கிளம்பும். காலண்டர் ஆர்டர் கொடுக்க வந்த ஒரு வியாபாரி, ஸ்டேஷனிலிருந்து அச்சகம் வரை தும்மிக்கொண்டே வந்து, ஆர்டரில் பாதியைக் குறைத்துவிட்டுப் போனார். பிறகு டிரைவர் பக்கக் கண்ணாடி ஏறியது, இறங்கவில்லை. பிறகு அதே கதவு உள்ளேயிருந்து திறக்க மறுத்தது. வெளியே ஒருவர் வந்து திறந்துவிட வேண்டும், அல்லது கியர்க் கம்பியைத் தாண்டி அடுத்த ஸீட்டுக்குப் போய் இறங்க வேண்டும். அச்சக வாசலில் நான் அப்படி இறங்குவதைப் பார்க்கவே என் ஆட்கள் டீ நேரத்தை மாற்றி வைத்துக்கொண்டார்கள்.

சாத்தூரில் ஒரு மெக்கானிக் இருந்தார். டீசலிலேயே பிறந்து வளர்ந்தவர். முதல் நாள் பானெட்டைத் திறந்து, “பெட்ரோலா?” என்றார், கல்யாண வீட்டில் ஒருவன் பத்தியச் சாப்பாடு கேட்டால் பார்ப்பது மாதிரி பார்த்து. “இதுக்குச் சாமான் இங்கன கிடைக்காது அண்ணாச்சி. மெட்ராஸ்லேர்ந்துதான் வரணும். அங்கயும் ஆர்டர் போட்டாத்தான்.”

மூன்றாவது வருஷம் அது வெடிக்க ஆரம்பித்தது.

முதல் வெடி திருத்தங்கல் ரயில்வே கேட்டில். பிரேக்கை மிதித்தேன், பின்னால் ‘டமார்’. டீக்கடையிலிருந்த அத்தனை பேரும் வெளியே ஓடி வந்தார்கள். ஒருவரும் என் வண்டியைப் பார்க்கவில்லை. எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். எங்கள் பக்கத்தில் சத்தம் கேட்டால் முதலில் வானத்தைத்தான் பார்ப்போம். எந்தத் திசையில் புகை, அந்தத் திசையில் யாருடைய பட்டாசுக் கம்பெனி, அந்தக் கம்பெனியில் நம் வீட்டு ஆள் யார். நானும் கண்ணாடியோடு கன்னத்தை ஒட்டி வானத்தைத்தான் பார்த்தேன். வெடித்தது நான்தான் என்று புரிய எனக்கே கொஞ்ச நேரம் ஆயிற்று.

மெக்கானிக் விளக்கம் சொன்னார். தீப்பொறி கொடுக்கும் இக்னிஷன் காயில் பலவீனமாகிவிட்டது. எரியாத பெட்ரோல் சைலன்ஸருக்குள் போய், அங்கே சூட்டில் எரிகிறது. ஏதோ தட்டிக் கொட்டி அனுப்புவார். இரண்டு வாரம் வாயை மூடிக்கொண்டிருக்கும். பிறகு மறுபடி பேசும்.

அப்போதுதான் சகலை கேட்டார். என் மனைவியின் தங்கை வீட்டுக்காரர். சாத்தூருக்குத் தெற்கே ஒரு பட்டாசுக் கம்பெனியில் மேனேஜர். “அண்ணாச்சி, அந்த வண்டிய எனக்குத் தந்துருங்களேன். மச்சான்கிட்ட நான் பேசிக்கிறேன். வீட்டுக்குள்ளதான இருக்கப்போகுது?”

எனக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை. வெளியே விற்கக் கூடாது, ஆனால் சகலை வெளியே இல்லையே! மூன்று வருஷமாக நான் சொன்ன பொய்யெல்லாம் விளம்பரமாக வேலை செய்து, வாடிக்கையாளர் வாசலில் வந்து நிற்கிறார்.

மனைவி மட்டும் சொன்னாள்: “எல்லாத்தையும் சொல்லிக் குடுங்க. என் தங்கச்சி பிள்ளையோட ஏறப்போற வண்டி.”

“சொல்றேன்.”

சொல்லவில்லை. வண்டியைக் கழுவி, மெக்கானிக்கிடம் ஒரு தட்டு தட்டி வாங்கி, ஸீட்டுக்கு அடியில் ஒரு ஊதுபத்திகூட வைத்து, சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் சகலையை ஏற்றினேன். அவரே ஓட்டிப் பார்க்கட்டும் என்று டிரைவர் ஸீட்டைக் கொடுத்துவிட்டு, கதவையும் நானே வெளியிலிருந்து சாத்தினேன். மரியாதை என்று அவர் நினைத்திருப்பார். ‘அந்தக் கதவு உள்ளேயிருந்து திறக்காது’ என்ற வாக்கியம் மூன்று தடவை தொண்டை வரை வந்தது. மூன்று தடவையும் நாலுவழிச் சாலை எப்போது முடியும் என்று கேட்டு வைத்தேன்.

“தொட்டில் மாதிரிதான் இருக்கு அண்ணாச்சி” என்றார் சகலை, என் வாசகத்தையே எனக்குத் திருப்பி.

ஆசையில் அப்படியே கம்பெனிக்கு விட்டார். பொட்டல் காட்டில், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிச் சின்னச் சின்ன அறைகள். எந்தப் பக்கமும் ஓட வசதியாக ஒவ்வொரு அறைக்கும் எதிரெதிராகக் கதவுகள். கேட்டை நெருங்கியதும் சகலை ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார்.

டமார்.

அறைகளிலிருந்து பெண்கள் கொட்டினார்கள். கையெல்லாம் வெள்ளி நிற வெடிமருந்து, சேலையைத் தூக்கிச் செருகியபடி, செருப்பில்லாமல், வேலிக்கருவேல முள்ளுக்குள் நேராக ஓடினார்கள். ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் ஓடத்தான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

“கதவு! அண்ணாச்சி, கதவு!” சகலை கைப்பிடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். சத்தம் வண்டியுடையது என்று அவருக்குத் தெரியாது. தன் ஆட்கள் ஓடுகிறார்கள், தான் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான் தெரியும். கண்ணாடிப் பொத்தானை அமுக்கினார். தோளால் இடித்தார். நான் இறங்கி, அந்த நீண்ட பானெட்டைச் சுற்றி ஓடி, வெளியிலிருந்து திறந்தேன். பத்து நொடி இருக்கும். பெரிய வண்டியில் எனக்குப் பெருமையாக இருந்த ஒரே விஷயம் அந்த பானெட்டின் நீளம். அன்றைக்கு அதைச் சுற்றி வர ஒரு யுகம் ஆயிற்று.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓடினார்.

“மூணாம் நம்பர் ரூமு? நாலு பேரும் வந்தாச்சா?”

“வந்தாச்சு.”

“ஏழாம் நம்பரு?”

“மூணு பேருதான் நிக்கிறோம்... ஏய், அவ எங்கடி?” நாலாவது பெண் முள்ளுக்குள்ளிருந்து நொண்டிக்கொண்டு வரும்வரை எல்லோர் கண்ணும் அந்த வேலிப் பக்கமே இருந்தது. அந்த நேரத்தில் நான் என் வண்டியின் மீது சாய்ந்து நின்றேன். பிறகு, “நம்ம வண்டிதான் சகலை. சைலன்ஸர்” என்றேன். இன்னும் மெல்லச் சொல்லியிருந்தால் எனக்கே கேட்டிருக்காது.

ஃபோர்மேன் கறாராகச் சொல்லிவிட்டார்: “ரோட்டுக்குப் போற வரைக்கும் இந்த இஞ்சினை ஸ்டார்ட் பண்ணக் கூடாது.” தள்ள வேண்டியதுதான். யார் தள்ளுவது? ஓடி வந்தவர்களே தள்ளினார்கள். ஸ்டியரிங்கைப் பிடிக்க என்னை உள்ளே ஏற்றிக் கதவைச் சாத்தினார்கள். பின்கண்ணாடிகள் திறந்திருந்ததால் எல்லாம் தெளிவாகவே கேட்டது.

“என்ன அண்ணாச்சி, இந்த வெடிக்கு லைசென்சு இருக்கா?”

“ஒத்த வெடியா, சரமா? இன்னும் எம்புட்டு பாக்கி இருக்குன்னு சொல்லிருங்க, அப்பத்தான் தள்ளுவோம்.”

“தீவாளிக்கு நாலு மாசம் கெடக்கு. பெரிய எடத்துக்காரவுக, அவுகளுக்கு அவசரம்.”

“காலு முள்ளு எடுக்க நீங்களே வரணும், ஆமா!”

சொன்னவள்தான் ஏழாம் நம்பர் பெண். ஒரு காலைச் சரியாக ஊன்றாமலே தள்ளிக்கொண்டிருந்தாள். நான் கண்ணாடியில் அவளைப் பார்த்தேன். வியர்த்து ஊற்றியது. இறங்கலாமென்றால் கதவு திறக்காது. முன்னே பார்த்தால் வெயில், பின்னே பார்த்தால் பன்னிரண்டு பேர்.

ரோட்டில் சகலை வந்து கதவைத் திறந்துவிட்டார்.

“முன்னாடியிருந்தே வெடிக்குமா இது?”

“நாலு மாசமா.”

“கதவு?”

“ரெண்டு வருசமா.”

அவர் அப்படியே மைல்கல்லில் உட்கார்ந்துவிட்டார். “அண்ணாச்சி, மச்சான் இந்த வண்டிய எடுத்துக்கிறீகளான்னு மொதல்ல எங்கிட்டத்தான் கேட்டாக. பெட்ரோலு ஆகாதுன்னு சொல்லிட்டேன். அப்புறம் ஒவ்வொரு விசேஷத்துலயும் நீங்க வழுக்குது, தொட்டிலுன்னு சொல்லச் சொல்ல, கிடைச்சத விட்டுட்டேன்னு வீட்ல எனக்கு எம்புட்டு ஏச்சு தெரியுமா? மூணு வருசமா ஏச்சு!” கோபத்தில் ஆரம்பித்தவர் கடைசியில் சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கியதும், “மச்சான்கிட்ட நீங்க சொல்றீகளா, நான் சொல்லவா?” என்றார். அதில் சிரிப்பு இல்லை.

வண்டியைக் கட்டி இழுத்து மெக்கானிக்கிடம் விட்டோம். மறுநாள் சாயங்காலம் நானும் மனைவியும் பஸ்ஸில் விருதுநகர் போனோம். மச்சான் மண்டியில்தான் இருந்தார். காப்பி வந்தது.

“வண்டி எப்படி ஓடுது மாப்ள?”

சொல்லிவிட்டேன். நெடி, கண்ணாடி, கதவு, வெடி, முள்ளுக்குள் ஓடிய பெண்கள், எல்லாம். மூன்று வருஷத்தை ஒரே மூச்சில். மச்சான் டம்ளரைக் கீழே வைத்தார்.

“எங்கிட்ட இருக்கையில ஒரு தடவை வெடிச்சுச்சு மாப்ள. கம்பெனிக்காரன் சரி பண்ணிட்டேன்னான். மனசுக்குள்ள உறுத்தல்தான். அதான் பார்க்கிறப்பல்லாம் உங்ககிட்டக் கேட்டுக்கிட்டே இருந்தேன். நீங்க நல்லா ஓடுதுன்னு சொல்லவும், அப்பாடான்னு இருந்துச்சு.” கொஞ்ச நேரம் வத்தல் மூட்டைகளையே பார்த்தார். காதெல்லாம் சிவந்திருந்தது. பிறகு கையை நீட்டினார். “சாவியக் குடுங்க. நானே எடுத்துக்கிறேன். குடுத்தத அப்படியே தந்துர்றேன்.”

மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். மெக்கானிக்கிடம் ஒன்று போக, இன்னொரு சாவி என் சட்டைப்பையில் இருந்தது. மூன்று வருஷமாக நான் கேட்கத் தவமிருந்த வார்த்தை. எடுத்து அந்தக் கையில் வைக்க வேண்டியதுதான் பாக்கி.

“அட, வேண்டாம் மச்சான்” என்றது என் வாய். “சின்ன வேலைதான். காயில் மாத்துனா முடிஞ்சுது.”

மச்சான் முகம் தெளிந்தது. “நெசமாவா?”

“நெசமாத்தான்.”

திரும்பும்போது பஸ்ஸில் திருத்தங்கல் தாண்டியதும் மனைவி கேட்டாள்: “ஏங்க, அண்ணன் எடுத்துக்கிறேன்னுதான சொன்னாக?”

“ஆமா.”

“நீங்கதான வேண்டாம்னீக?”

“ஆமா.”

அவள் என் சட்டைப்பையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

காலையில் மெக்கானிக் போன் பண்ணினார். காயிலோடு இன்னும் இரண்டு மூன்று சாமான் சேர்ந்திருந்தது. வர எத்தனை நாள் ஆகுமென்று அவருக்கே தெரியவில்லை.

“மெட்ராஸ்ல ஆர்டர் போடவா அண்ணாச்சி, இல்ல வந்த விலைக்குத் தள்ளிருவமா?”

“போடுங்க” என்றேன். “ஆர்டர் போடுங்க. கதவையும் சேர்த்துப் பாருங்க.”