நம்பர் பிளேட் விளக்கு

வெர்னா சுண்டெலுக்கு ஐம்பத்தெட்டு வயது. வடக்கு விஸ்கான்சினில், பைன் ஃபோர்க் ஊரின் ஒரே வண்டி உதிரிபாகக் கடையில் பத்தொன்பது வருடமாகக் கவுண்டரில் நிற்கிறாள். எந்த வண்டிக்கு எந்த பல்பு என்று கம்ப்யூட்டரைப் பார்க்காமலே சொல்வாள். பனி கொட்டினாலும் வாசலுக்கு வந்து மாட்டிக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவாள். அதற்குக் கூலி வாங்கமாட்டாள், கடை வழக்கம் அப்படி. சட்டென்று கோபப்படாதவள் என்று ஊரில் நல்ல பெயர். கோபம் வந்தால் போகவே போகாது என்பது ஊருக்குத் தெரியாது.

கோபம் வந்தது இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு மார்ச் மாதச் சாயங்காலம். அவள் கணவர் ஆர்லின் கால்கா தங்கள் வீட்டு வாசலில் தபால்பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார். கூரை காண்ட்ராக்டர் ராண்டல் பெஷ்கேயின் பிக்கப் வண்டி தபால்பெட்டியையும் அவரையும் சேர்த்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. ஆர்லினுக்கு இடது கால் முழங்காலோடு போனது.

மூன்று மைல் தள்ளி பெஷ்கேயை ஒரு போலீஸ்காரர் நிறுத்தினார். ஹௌகன் என்று பெயர். விபத்து நடந்ததே அவருக்குத் தெரியாது. சக்கரம் ஓரத்து வெள்ளைக் கோட்டை ஒரு தடவை தொட்டது என்று நிறுத்தியிருக்கிறார். கண்ணாடியை இறக்கியதும் பிராந்தி நெடி. ரத்தப் பரிசோதனையில் அனுமதித்த அளவுக்கு இரண்டு மடங்கு இருந்தது. ஆள் வசமாக மாட்டினான் என்று வெர்னா நம்பினாள்.

கோர்ட்டில் அந்த நம்பிக்கை ஒரு காலைப் பொழுதுகூடத் தாங்கவில்லை. "கோட்டை ஒரு தடவை தொடுறது எல்லாரும் பண்றதுதான்" என்றார் நீதிபதி. "ஒருத்தரை ரோட்டுல நிறுத்தணும்னா நியாயமான சந்தேகம் வேணும். அதுக்கு இதுதான்னு காட்ட ஒரு காரணம் வேணும். பின்னாடி நம்பர் பிளேட் விளக்கு எரியலைன்னு சொல்லியிருந்தாகூட நான் ஒத்துக்கிட்டிருப்பேன். இங்க அதுவும் இல்ல."

நிறுத்தியதே தப்பு, ஆகவே அதற்குப் பிறகு எடுத்த ரத்தமும் செல்லாது. குடித்த விஷயம் வழக்கிலிருந்து கழன்றுகொண்டது. மிச்சம் இருந்தது மோதியதும் நிற்காமல் போனதும்தான். அதற்கு பெஷ்கே, "மான்னு நெனச்சேன்" என்றான். ரோட்டுக்கு ரோடு மான் குறுக்கே பாயும் ஊர் அது. இல்லை, மனிதன் என்று தெரிந்துதான் போனாய் என்று யாராலும் நிரூபிக்க முடியவில்லை. அபராதத்தோடு போய்விட்டது. வெர்னா உட்கார்ந்திருந்த மூன்றாவது வரிசையை பெஷ்கே கடந்து வெளியே போனபோது அவன் கோட்டு வெர்னாவின் முழங்காலில் உரசியது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆர்லினின் காலை எடுத்ததைவிட அந்தத் திரும்பாத கழுத்தைத்தான் அவளால் மறக்க முடியவில்லை.

பெஷ்கே திருந்தவில்லை, உஷாரானான். வெள்ளிக்கிழமைதோறும் பாரில் பொரித்த மீனும் நாலைந்து கிளாஸ் பிராந்தியும் முடித்துவிட்டு, வேகம் மீறாமல், கோட்டைத் தொடாமல் வீட்டுக்குப் போவான். "எல்லா விளக்கும் எரியுது. என்னை எவன் நிறுத்துவான்? எந்தக் காரணத்தைச் சொல்லி நிறுத்துவான்?" என்று அங்கேயே பீற்றிக்கொள்வான். அது வெர்னாவின் காதுக்கும் வந்தது. ஏற்கனவே மூன்று முறை குடித்து ஓட்டித் தண்டனை வாங்கியவன். நான்காவது முறை நிரூபணமானால் கம்பி எண்ண வேண்டியதுதான்.

டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, மூன்று மணிக்கு, அந்த ஆளே கடை வாசலில் வந்து நின்றான்.

"நம்பர் பிளேட் விளக்கு மங்குது. புதுசு போட்டுக் குடும்மா."

வெர்னாவின் சட்டையில் பெயர்ப் பட்டை இருந்தது. அவன் அவள் முகத்தையும் பார்க்கவில்லை, பெயரையும் பார்க்கவில்லை. வண்டிக்குள் உட்கார்ந்து போனில் பேச ஆரம்பித்துவிட்டான். அவள் புது பல்பை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். அன்று காலை வேறு வண்டியில் கழற்றிய செத்த பல்பு ஒன்று அவள் பையில் கிடந்தது. பிரேக் விளக்கில் கை வைத்தால் பின்னால் வருகிறவன் மோதுவான், ஆகவே அதைத் தொடமாட்டாள். இது அணைந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. செத்ததை மாட்டினாள், புதியதைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"எல்லாம் எரியுதா?"

"எல்லாம் சரியா இருக்கு சார். நிம்மதியாப் போங்க."

ஆறு மணிக்கு, நன்றாக இருட்டிய பிறகு, பார் இருக்கும் ரோட்டில், நம்பர் பிளேட் விளக்கு எரியவில்லை என்று ஹௌகன் அவனை நிறுத்தினார், மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். அந்த ராத்திரி வெர்னா இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

பிப்ரவரியில் அவளுக்கே சம்மன் வந்தது. மில்வாக்கியிலிருந்து பெஷ்கே பிடித்துவந்த புது வக்கீல், விளக்கு எரிந்தது என்று சொல்லக் கடைக்காரியைச் சாட்சிக்கு அழைத்திருந்தாள். வெர்னா கல்யாணத்துக்குப் பிறகும் தன் குடும்பப் பெயரையே வைத்திருந்ததால், அவள் யார் பெண்டாட்டி என்று வக்கீலுக்குத் தெரியவில்லை. செய்ததை அன்றுதான் ஆர்லினிடம் சொன்னாள். அவர் தன் மரக்காலைக் கழற்றி நாற்காலியில் சாய்த்து வைத்தார்.

"நல்ல பல்புதான் போட்டேன்னு சொல்லிடு வெர்னா. உன் வேலையாவது மிஞ்சும்."

"அப்படிச் சொன்னா ஹௌகன் பொய்யர்னு ஆயிடும். அவன் மறுபடியும் கையை வீசிக்கிட்டு வெளிய வருவான்."

"உண்மையைச் சொன்னா? நீ வேணும்னு பண்ணினதுன்னு தெரிஞ்சா கேஸே புட்டுக்காதா?"

"தெரியல."

உண்மையிலேயே தெரியவில்லை. கோர்ட் நாள் வரைக்கும் இரண்டு வாரம் அவள் தூங்கவில்லை.

அதே கோர்ட், அதே நீதிபதி. ஆர்லின் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். வக்கீல் தேன் ஒழுகக் கேட்டாள்: "அன்னைக்கு மூணு மணிக்குப் புது பல்பு மாட்டினது நீங்கதானே? அது நல்லா எரிஞ்சுதுல்ல?"

"இல்லம்மா. செத்த பல்பை மாட்டினேன். தெரிஞ்சேதான் மாட்டினேன். அவர் வாங்கினது இது." புது பல்பைப் பையிலிருந்து எடுத்துச் சாட்சிக் கூண்டின் விளிம்பில் வைத்தாள்.

வக்கீல் பல்பை ஒரு தடவை பார்த்தாள். பிறகு பாய்ந்தாள். "போலீஸ் சொல்லித்தானே செஞ்சீங்க? ஹௌகன் சொல்லிக்கொடுத்தாரா?"

"அவர்கிட்ட நான் பேசினதே இல்ல."

நீதிபதி குனிந்தார். "பின்ன இந்த யோசனையை யார் கொடுத்தது?"

"நீங்கதான் ஐயா. ரெண்டு வருஷத்துக்கு முன்னால. நம்பர் பிளேட் விளக்கு எரியலைன்னாகூடப் போதும்னு சொன்னீங்க. நான் அங்க, மூணாவது வரிசையில இருந்தேன்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார்.

"விளக்கை அணைச்சது போலீஸ் இல்ல, போலீஸ் ஏவின ஆளும் இல்ல" என்றார் கடைசியில். "ஹௌகன் பார்த்தது விளக்கு எரியாத வண்டி. நிறுத்த அது போதும். யார் அணைச்சாங்கங்கறது வேற வழக்கு. நிறுத்தினது செல்லும், ரத்தப் பரிசோதனையும் செல்லும்." வெர்னாவின் பக்கம் திரும்பினார். "அம்மா, அந்த வேற வழக்கு உங்க மேல வரும். நல்ல வக்கீலா பாருங்க."

"வரட்டும் ஐயா."

வேலை அன்றைக்கே போகும் என்று அவளுக்குத் தெரியும். கூண்டை விட்டு இறங்கினாள். நெஞ்சு குளிர்ந்திருந்தது. பெஷ்கேயின் மேஜையைத் தாண்டும்போது அவன் எழுந்தான். முகம் வெளுத்திருந்தது. முதல் தடவையாக அவளை நேருக்கு நேர் பார்த்தான்.

"யாரும்மா நீ? உனக்கு நான் என்ன பண்ணேன்?"

"ஒருத்தரை இடிச்சுப் போட்டுட்டு மான்னு சொன்னியே" என்றாள் வெர்னா. "அந்த மானோட பொண்டாட்டி."

அப்போதுதான் அவன் கழுத்து திரும்பியது. மூன்றாவது வரிசையில் ஆர்லின் மரக்காலை நீட்டி வைத்துக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.