வசவுக்குப் பால் சுரந்த எருமை

எனக்கு நாற்பத்தொரு வயதில் விவாகரத்து ஆனது. ஐம்பதுகளின் கடைசி அது. கோலியனூர்ப் பக்கம் அந்த வார்த்தையே பலருக்குப் புதிது. "தீந்துபோச்சா?" என்று கேட்டார்கள், ஏதோ விளக்கெண்ணெய் தீர்ந்துபோனதை விசாரிப்பதுபோல. "தீந்துபோச்சு" என்றேன்.

காரணம் ஊருக்கே தெரியும். என் வீட்டுக்காரர் விழுப்புரம் டவுனில் இன்னொரு பெண்ணோடு குடித்தனம் வைத்திருந்தார். சாப்பாடு, தூக்கம் எல்லாம் அங்கே. காலைக் காபி மட்டும் என் வீட்டில், ஏனென்றால் அந்த அம்மாவுக்குக் காபி போட வராது. தினமும் விடிந்ததும் சைக்கிளில் வந்து இறங்குவார். நான் கொட்டகையில் பால் கறந்துகொண்டிருப்பேன். அவர் கொட்டகை வாசலில் நின்று, காபி கைக்கு வரும்வரை என்னைத் திட்டுவார். டம்ளரை வாங்கியதும் நிறுத்திவிடுவார். கோர்ட்டில் வழக்கு நடந்த மூன்று வருஷமும் இது ஒருநாள்கூடத் தவறவில்லை. வாய்தா நாளில் காபியைக் குடித்துவிட்டு, "பத்தரைக்கு கோர்ட்டு. ஜல்தியா வந்து சேரு" என்று சொல்லிவிட்டுப் போவார்.

வழக்கு முடிகிற சமயத்தில் என் வக்கீல், "அவருகிட்ட இன்னாம்மா கேக்கலாம்?" என்றார்.

"எருமை" என்றேன்.

வக்கீல் பதறி, "மெதுவா பேசும்மா, ஜட்ஜு காதுல விழப்போவுது. கோவம் இருந்தாலும் புருஷன அப்படிச் சொல்லலாமா?" என்றார்.

நான் சொன்னது நிஜ எருமையை. கலியாணத்தின்போது என் அப்பா சீராகக் கொடுத்த எருமையின் பேத்தி அது. வீட்டுக்காரர் மறுப்பே சொல்லவில்லை. "இட்டுக்கினு போவட்டும். ரெண்டும் ஒண்ணுதான்" என்று வக்கீலிடம் சொல்லியனுப்பினார்.

பெருமுக்கலிலிருந்து அண்ணன் மாட்டு வண்டியோடு வந்தார். எருமையையும் கன்றையும் வண்டிக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, இரண்டு நாள் மெல்ல நடத்திப் போனோம். தன் வீட்டிலேயே வந்து இருக்கச் சொன்னார் அண்ணன். அண்ணி நல்லவள்தான். ஆனால் அவள் அடுப்படியில் இன்னொருத்தியாக நிற்க எனக்கு மனசில்லை. "திண்டிவனத்துல எறங்கிக்கிறேண்ணா. பால் ஊத்திப் பொழைச்சிக்கிறேன்" என்றேன்.

"தனியாவா இருப்ப?"

"எருமை இருக்குதே."

அண்ணன் எருமையைப் பார்த்தார். எருமையும் அவரைப் பார்த்தது. திண்டிவனத்தில் வண்டியை நிறுத்தினார்.

ரயில் ஸ்டேஷனுக்குப் பின்னாலிருந்த தெருவில் ஒரே அறை, ஒரு சமையலறை, கொல்லையில் ஒரு கொட்டகை என்று வீடு கிடைத்தது. வீட்டுக்காரம்மா பக்கத்து வீட்டிலேயே இருந்தார். ஸ்டேஷன் வாசலில் இருந்த காபி கிளப்புக்கு மறுநாளிலிருந்து பால் தருவதாகச் சொல்லிவிட்டு வந்தேன். என் வாழ்க்கையில் நானாகப் போய்ப் பேசி முடித்த முதல் காரியம் அதுதான். வழியெல்லாம் எனக்கு நானே சிரித்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் எருமை பால் கொடுக்கவில்லை. கன்றை விட்டால் அதற்குக் கொஞ்சம் கொடுக்கும். நான் செம்போடு உட்கார்ந்தால் மடி கல்லாகிவிடும். நடந்த அலுப்பு என்று நினைத்தேன். மல்லாட்டைப் பிண்ணாக்கு வைத்தேன். வெந்நீரில் மடியைக் கழுவிவிட்டேன். தாலாட்டுக்கூடப் பாடிப் பார்த்தேன், பாதியில் கன்றுதான் தூங்கியது. மூன்றாம் நாள் காபி கிளப்காரர், "இன்னாம்மா இது, நாளைக்கு நாளைக்குன்னு பேஜாரு பண்ற?" என்றார். மாட்டு வைத்தியர் வந்து பார்த்தார். "ஒடம்புல ஒண்ணுமில்ல. எதையோ தேடுது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான்காம் நாள் காலை எனக்குப் பொறுமை போய்விட்டது. செம்பைத் தரையில் தட்டி, வாயில் வந்ததைக் கத்தினேன். வந்தது என் பேச்சல்ல. "ஏய்! காதுல இன்னா பஞ்சு அடைச்சிக்கினு கீறியா?" அச்சு அசல் என் வீட்டுக்காரர் தினமும் சொல்வது.

எருமையின் காது விறைத்து நின்றது. செம்பில் சர்ரென்று இரண்டு பீச்சல் விழுந்தது. நான் திகைத்துப்போய் வாயை மூடினேன். பாலும் நின்றது.

அப்போதுதான் புரிந்தது. பிறந்த நாளிலிருந்து கறவை நேரத்தில் அது கேட்டு வளர்ந்தது அந்த வசவைத்தான். திட்டு இல்லாமல் பால் கறப்பது என்று ஒன்று உண்டென்றே அதற்குத் தெரியாது. குரலைத் தடிமனாக்கிக்கொண்டு ஆரம்பித்தேன். "காபி போட இம்மா நேரமா?" பால் வந்தது. "உங்கப்பன் வூட்டுல இதான் சொல்லிக் குடுத்தானா?" இன்னும் வந்தது. "எருமைக்குக் கீற புத்திகூட ஒனக்கு இல்ல!" இதற்குத்தான் நுரை பொங்கிச் செம்பு நிறைந்தது. பாவம், இத்தனை வருஷமும் தன்னைப் பாராட்டுகிறார் என்றே நினைத்திருக்கிறது.

ஆனால் மறுநாள் ஒரு சிக்கல். வசவு தீர்ந்துவிட்டது. நினைவைக் குடைந்து குடைந்து பார்த்தேன், மொத்தம் பதினொன்றுதான். கறந்து முடிப்பதற்குள் முதலிலிருந்து திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. இருபத்திரண்டு வருஷம் நான் நடுங்கியது இந்தப் பதினொன்றுக்கா? எருமையின் விலாவில் நெற்றியை முட்டுக்கொடுத்துச் சிரித்தேன். கொஞ்சம் அழுகையும் வந்தது. எருமை வாலால் என் முகத்தில் ஒன்று வைத்ததும் அது நின்றுவிட்டது.

ஒரு வாரம் போயிருக்கும். விடியற்காலையில் வீட்டுக்காரம்மாவும் தெருப் பெண்கள் மூன்று பேரும் விளக்குமாற்றோடு கொல்லைக்குள் நுழைந்தார்கள்.

"யாரும்மா உள்ள?"

"நான்தாங்க."

"ஆம்பள கொரலு கேட்டுச்சே! தெனம் கேட்டுக்கினு கீது."

நான் சொல்வதைக் கேட்க அவர்களுக்கு நேரமில்லை. அறையில் தேடினார்கள், கட்டிலுக்கடியில் தேடினார்கள். ஒருத்தி தண்ணீர் அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தாள். "அதுல ஒளியற அளவு ஆளு எனக்கு எதுக்கு அக்கா?" என்று கேட்டுவிட்டு, எருமைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கறந்து காட்டினேன், வசவோடு.

நான்கு பேரும் குனிந்து மடியையே பார்த்தார்கள். பிறகு வீட்டுக்காரம்மா விளக்குமாற்றைக் கீழே போட்டார். "நான் ஒண்ணு சொல்லிப் பாக்கட்டா?" என்றார். அவர் புருஷன் ரயில்வேயில் வேலை செய்தவர், பார்க்கப் பரம சாது. அந்த அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு அடிவயிற்றிலிருந்து கத்தினார்: "சாம்பாராடி இது? இஞ்சினு கழுவுன தண்ணி!"

எருமை அன்று ஓர் ஆழாக்கு கூடுதலாகக் கொடுத்தது.

அதன்பிறகு காலை வேளையில் என் கொட்டகையில் முறை போட்டுக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி புருஷனின் வசவைக் கொண்டுவருவாள், ஒருத்தி மாமியாருடையதை. மாமியார் குரலுக்குப் பால் இன்னும் கெட்டியாக வந்தது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. திட்டி முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, லேசாக நடந்து வீட்டுக்குப் போவார்கள்.

ஏழெட்டு மாதம் கழித்து, ஒருநாள் காலை ரயிலில் அந்தப் பதினொரு வசவுக்கும் சொந்தக்காரரே வந்து இறங்கினார். விசாரித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் வந்திருக்கிறார். கொட்டகைக்குள் தன் குரலே திட்டுவதைக் கேட்டு, வேலியோரம் சிலையாக நின்றுவிட்டார்.

நான் செம்போடு வெளியே வந்தேன். முன்பெல்லாம் அவர் சைக்கிள் மணி கேட்டாலே கறக்கிற கை தானாக வேகம் பிடிக்கும். அன்று பார்த்தது அவர் சட்டையில் இல்லாத ஒரு பொத்தானைத்தான். அதைத் தைப்பது என் வேலையில்லை என்பதும் கூடவே தோன்றியது.

"நான் இப்படியா பேசுவேன்?" என்றார்.

"இல்லீங்க. நீங்க இன்னும் கொஞ்சம் மூக்கால பேசுவீங்க."

வேலிக்கு அந்தப்பக்கம் வீட்டுக்காரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எருமை வந்தவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, வைக்கோலுக்கே போய்விட்டது.

அவர் தொண்டையைச் செருமினார். "ஒரு வா காபி..." என்றார்.

"டேசன் வாசல்ல காபி கிளப்பு கீதுங்க. நம்ம எருமப் பாலுதான்."

போனாராம். இரண்டு டம்ளர் குடித்தாராம். "நல்லா இருக்குது" என்று சொன்னதாகக் காபி கிளப்காரர் பிற்பாடு சொன்னார். இருபத்திரண்டு வருஷத்தில் நான் ஒருமுறைகூடக் கேட்காத வார்த்தை அது. காபி கிளப்காரருக்கு முதல் நாளே கிடைத்திருக்கிறது.

இரண்டு வருஷம் கழித்து மேல்சித்தாமூர்ப் பக்கத்திலிருந்து இன்னொரு எருமை வாங்கினேன். அது சாது. பக்கத்தில் உட்கார்ந்தாலே போதும், ஒரு வார்த்தை வேண்டாம், பால் கொடுத்துவிடும். எனக்கு நிம்மதி. தெருப் பெண்களுக்குத்தான் பெரிய ஏமாற்றம். "இன்னாம்மா, இப்படி ஊமையா பாத்து வாங்கிக்கினு வந்துட்ட?" என்று வீட்டுக்காரம்மா என்னைக் கோபித்துக்கொண்டார். அதன் முன்னால் நின்று தனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒருமுறை திட்டிப் பார்த்தார். அது அசைபோட்டுக்கொண்டே அவர் தோளிலிருந்த துண்டை மெல்ல இழுத்துத் தின்ன ஆரம்பித்தது.