பச்சை நூல் டப்பா

கராடி என்ற பகுதியில் இருக்கும் மகளின் ஆபீசுக்குத் தினமும் பதினொரு டப்பா சோறு அனுப்பிவந்தேன். எனக்கு எழுத்து சரியாக வராது. ஆளுக்கொரு நிற நூலை டப்பாவில் கட்டிவைப்பேன். ஒருநாள் காய்ச்சலில் சமைக்க முடியவில்லை. சொல்லாமல் விட்டால் பட்டினி கிடப்பார்களே என்று தவித்தேன்.

"எல்லாரையும் சேர்த்து வச்சிருக்கிற ‘சாப்பாடு’ங்கிற ஒரு பேருக்கு மெயில் போட்டா எல்லாருக்கும் போயிடும்மா" என்றாள் மகள்.

"யார் யாருன்னு அதுக்கு எப்படிடீ தெரியும்?"

லேப்டாப்பைத் திறந்து, சி என்ற கம்ப்யூட்டர் மொழியில் தானே எழுதிய புரோகிராமை ஓட்டினாள். ஆபீஸ் கம்ப்யூட்டரில் அந்தப் பேருக்குள் இருந்தவர்களை அது ஒவ்வொருவராகத் திரைக்கு அழைத்து வந்தது. மலைத்துப்போனேன். அவள் பேர்களை வாசிக்க வாசிக்க அந்தந்த ஆளின் நூலைத் தொட்டேன். பச்சை மிஞ்சியது.

"சர்க்கரை வியாதிக்காரிடீ, புதுசா சேர்ந்தவ! பட்டினி கிடக்கக் கூடாதவ!"

"அய்யோ, அவளைச் சேர்க்கலையேம்மா!"

சேர்த்து, மறுபடி ஓட்டினாள். பச்சைக்கும் பேர் வந்தது. அவள் மெயில் போட்ட பிறகுதான் படுத்தேன்.