ஆறரை மணிப் பூசையில் அவள் குரல்

எங்கள் கோயிலில் ஆண்கள் பக்கம் என்று ஒன்று இருந்தாலும், நான் அங்கே உட்கார்ந்த ஞாயிற்றுக்கிழமைகள் குறைவு. பைக் நிறுத்துகிற இடத்தில் மதிலில் சாய்ந்துகொண்டு பூசை பார்க்கிற கும்பல் ஒன்று எல்லாப் பங்குக் கோயிலிலும் உண்டு. நான் அந்தக் கும்பல். பிரசங்கம் தொடங்கியதும் வெளியே நழுவி, நன்மை என்கிற அப்பம் கொடுக்கும் நேரத்துக்கு உள்ளே வந்து, சாமியார் கடைசியாகச் சிலுவை போடுவதற்குள் வண்டியைக் கிளப்பியிருப்பேன். என் மனைவி முக்காட்டை மடித்துப் பையில் வைத்தபடி வருவாள். "உங்களுக்கும் சேத்து நானே பூசை பாத்துட்டேன், போலாமா?" என்பாள். முப்பது வருஷமாக இதே கிண்டல். நானும் சளைக்காமல், "எனக்கும் சேத்து நீயே மோட்சத்துக்கும் போயிடு" என்பேன்.

பெங்களூரிலிருந்து அத்திபெலே போகிற வழியில் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கிற கிராமம் எங்களுடையது. கோயிலைக் கட்டியவர்கள் கன்னடம் பேசுகிற விவசாயக் குடும்பங்கள். பொம்மசந்திராவில் கம்பெனிகள் வந்தபிறகு வாடகை மலிவு என்று வந்து சேர்ந்தவர்கள் நாங்கள், தமிழ்க்காரர்கள். ஞாயிறு காலை ஆறரைக்குத் தமிழ்ப் பூசை, எட்டரைக்குக் கன்னடப் பூசை. இரண்டுக்கும் ஒரே சாமியார். அவர் கன்னடக்காரர். தமிழ் ஜெபங்களைக் கன்னட எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு படிப்பார். சில இடங்களில் ராகம் எங்கேயோ போகும். யாரும் குறையாக எடுத்துக்கொண்டதில்லை, முதல் ஷிஃப்டுக்குப் போகிறவர்களுக்குச் சீக்கிரம் முடிந்தால் போதும்.

நான் ரிட்டயர் ஆன அடுத்த வருஷம், மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த என் மனைவி அப்படியே சரிந்து விழுந்தாள். பக்கவாதம். வலது காலும் கையும் போயின. கால் மட்டும் பாதி திரும்பி வந்தது. பேச்சு வரவே இல்லை. சொல்வதெல்லாம் அவளுக்குப் புரிகிறது. பதில்தான் கிடையாது. வாயைத் திறப்பாள், காற்றுதான் வரும். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் ஒவ்வொரு படமாகக் காட்டும். டம்ளர், சீப்பு, பூனை. இவள் டம்ளர் படத்தைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், அழுவாள். எனக்கு ஆத்திரம் பொங்கும். ஐம்பத்தைந்து வயசுப் பொம்பளையிடம் பூனைப் படத்தைக் காட்டி என்ன விளையாட்டு என்று ஒருநாள் கத்திவிட்டேன். அந்தப் பெண் பொறுமையாக அடுத்த படத்தை எடுத்தது.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் இரண்டே பேர், அதில் பேசுகிற ஆள் அவள். நான் ஆமாம், இல்லை என்று தலையாட்டுகிறவன். திடீரென்று எல்லாம் நின்றுபோனதும் வீட்டில் மிக்ஸி ஓடினால்கூட நன்றாக இருந்தது. பக்கத்து அறையில் அவள் உயிரோடு இருக்கும்போதே அவளுக்காக ஏங்கிக்கொண்டிருந்தேன். இதை யாரிடம் போய்ச் சொல்ல முடியும்?

காலில் கொஞ்சம் தெம்பு வந்தபிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் வழக்கமாக உட்காருகிற பெஞ்சில் உட்காரவைத்தேன். தனியாக விட முடியாது, அதனால் பெண்கள் பக்கத்திலேயே நானும் உட்கார்ந்தேன். முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்கள். சாமியார் பீடத்துக்கு வந்து கையை விரித்து, "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்றார்.

"உம் ஆன்மாவோடும் இருப்பாராக" என்று எல்லோரும் சொன்னார்கள். என் தோளுக்குப் பக்கத்தில் அவளும் சொன்னாள்.

பிரமையாக இருக்கும் என்று நினைத்தேன். அடுத்த பதிலுக்குக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். சொன்னாள். அதற்கடுத்ததும் சொன்னாள். முழு வார்த்தைகள், குழறல் இல்லை, கிருஷ்ணகிரிப் பக்கத்து இழுப்புகூட அப்படியே இருந்தது. விசுவாசப் பிரமாணம் என்கிற நீண்ட ஜெபத்தைக் கூட்டத்தோடு சேர்ந்து கடைசிவரை சொல்லி முடித்தாள். நான் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். பூசை முடிந்து வெளியே வந்ததும், "ஏம்மா, என்னைக் கூப்பிடு பாப்போம்" என்றேன். திறந்த வாயில் காற்றுதான் வந்தது. அவள் கண்ணிலேயே பயம் தெரிந்தது.

மறுநாள் பயிற்சிப் பெண்ணிடம் ஓடினேன். அது விளக்கிச் சொன்னது. சிறுவயதிலிருந்து வாரா வாரம் சொல்லிச் சொல்லி ஊறிப்போன வார்த்தைகள் தனியாக ஓரிடத்தில் தங்கிவிடுமாம்; கூட நாலு பேர் சொன்னால் அந்த ஓட்டத்தில் தானாக வருமாம். "அது அவங்களா பேசறது இல்ல அங்கிள். குணமாயிட்டாங்கன்னு நெனச்சுக்காதீங்க" என்றது. சரிம்மா என்று தலையாட்டினேன். நினைக்காமல் எப்படி இருப்பது? அது பேச்சோ பழக்கமோ, குரல் அவளுடையது.

அதற்குப் பிறகு என் வாரம் ஞாயிற்றுக்கிழமையை நோக்கியே ஓடியது. பூசையின்போது வெளியே போய் நிற்கிறவன், முதல் ஆளாக உள்ளே போய் அவளை ஒட்டி உட்கார்ந்தேன். பிரசங்கம் மட்டும் இன்னும் பிடிக்கவில்லை. அந்த நேரத்தில் அவள் பேசமாட்டாள் அல்லவா. பழைய கூட்டாளிகள், "என்னண்ணா, இந்த வயசுல பக்தி முத்திப்போச்சா?" என்று கேலி செய்தார்கள். பக்தியும் இல்லை ஒன்றுமில்லை. கடவுள்மேல் எனக்கு அப்போது இருந்தது கோபம்தான். உனக்குப் பதில் சொல்ல மட்டும் இவளுக்கு வாய் கொடுத்திருக்கிறாயே, எனக்கு ஒரு வார்த்தை மிச்சம் வைத்தால் என்ன குறைந்துவிடும் என்று நன்மை வாங்கப் போகும்போதெல்லாம் கேட்டேன்.

மழைக்காலம் முடிகிற சமயம், பூசையின் இறுதியில் சாமியார் அறிவிப்பு வாசித்தார். பக்கத்துக் கிராமத்துச் சிற்றாலயத்தையும் இனி அவரே பார்க்கவேண்டுமாம், அங்கே ஞாயிறு காலையில் பூசை வைக்கவேண்டுமாம். அடுத்த மாதத்திலிருந்து தமிழ்ப் பூசை முதல் ஞாயிறு மட்டும், மற்ற ஞாயிறுகளில் எல்லோரும் எட்டரைக்கு வரலாம் என்றார். உள்ளே பெரிய சலசலப்பு ஒன்றும் இல்லை. ஓவர்டைம், தூக்கம் என்று ஆறரைக்கு வருகிறவர்கள் ஏற்கனவே குறைந்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு எட்டரைப் பூசை முடிந்துதான், அதனால் பிள்ளை உள்ளவர்கள் அதற்கே போனார்கள். நான் மட்டும் அவளைத் திரும்பிப் பார்த்தேன்.

அன்று மாலையே சாமியார் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வாராவாரம் அவர் பிரசங்கத்துக்கு முதுகைக் காட்டியவன், அவர் முன்னால் உட்கார்ந்து அழுதேன். அவர் நல்ல மனுஷன். எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அளபேடி, அழாதீங்க. ஆறு மணிக்கே வெச்சா முடியும். முடிச்சுட்டு நான் அந்த ஊருக்குப் போயிடறேன். எனக்குக் கஷ்டம் இல்ல. பேரவை ஒத்துக்கணும், அஷ்டே, அவ்வளவுதான்" என்றார்.

அரை மணி நேரத்தை முன்னால் தள்ளினால் போதும், அவ்வளவு சின்ன விஷயம். வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். இடது கையால் என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள்.

கோயில் காரியங்களை முடிவுசெய்கிற பங்குப் பேரவை கூடிய அன்று அரங்கு நிறைந்திருந்தது. சாமியார் விஷயத்தை எடுப்பதற்குள் எங்கள் தெரு ஜெபக் குழுவான அன்பியத்தின் தலைவர் எழுந்துவிட்டார். வாரம் ஒருமுறை வீடு வீடாக ஜெபம் நடத்துகிறவர், அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எனக்குச் சோறு கொண்டுவந்தவர். அவர் கெட்ட எண்ணத்தில் எழுந்திருக்கவில்லை, எனக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்தார்.

"நம்ம ஜனங்க உழைச்சுத்தான் இந்தக் கோயிலுக்கு டைல்ஸ் போட்டுது. தமிழனுக்கு வாரத்துல ஒரு பூசைகூடக் கிடையாதா?" என்றார்.

அடுத்த வரிசையில் இருந்த கன்னடப் பெரியவர் எழுந்தார். அவருடைய தாத்தா கொடுத்த நிலத்தில்தான் கோயில் நிற்கிறது. எங்களோடு தமிழில்தான் பேசுவார். அன்று கன்னடத்தில் பேசினார். இது எந்த ராஜ்யம், இங்கே எந்த பாஷை என்று கேட்டார். பிறகு அரங்கமே எழுந்து நின்றது. வருஷக்கணக்காகக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஒன்றாக வந்து போனவர்கள், எந்தத் திருவிழாவில் யாருடைய பாஷையில் பாட்டு பாடவில்லை என்பதுவரை தோண்டி எடுத்தார்கள்.

நான் முன்னால் போய் நின்றேன். "தமிழும் இல்ல, கன்னடமும் இல்ல. என் வீட்டுக்காரி பேசறது அங்க மட்டுந்தான். கொஞ்சம் கேளுங்க" என்று இரண்டு பாஷையிலும் மாற்றி மாற்றிச் சொன்னேன். யார் காதிலும் விழவில்லை. என் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தது எங்கள் ஆள்தான். "அண்ணா, அது உங்க சொந்த விஷயம். அதை அப்புறம் பேசிக்கலாம், இப்ப குறுக்க பேசாதீங்க" என்றார் அன்பியத் தலைவர்.

சாமியார் வெகுநேரம் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். கடைசியில் இரண்டு பாஷையும் வேண்டாமென்று இங்கிலீஷில் ஒரு ஜெபம் சொல்லிக் கூட்டத்தைக் கலைத்தார். விவகாரம் பிஷப் இருக்கிற மேலிடம்வரை போயிற்று. பிரச்சினை அடங்கும்வரை தமிழ்ப் பூசை வேண்டாம் என்று அங்கிருந்து சொல்லிவிட்டார்கள். முதல் ஞாயிற்றுப் பூசையும் போயிற்று.

எட்டரைப் பூசைக்குக் கூட்டிப் போனேன். அவளுக்குக் கன்னடம் நன்றாகவே தெரியும், காய்கறிக்காரனோடு கன்னடத்தில் சண்டைபோட்டவள். ஆனால் ஜெபம் ஏறியது தமிழில். எல்லோரும் பதில் சொல்லும்போது அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள், ஏறவேண்டிய பஸ்ஸைத் தவறவிட்டவளைப் போல. பொம்மனஹள்ளிக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய கோயிலில் தமிழ்ப் பூசை உண்டென்று ஆட்டோ பிடித்துப் போனோம். அந்தக் கூட்டத்தையும் ஸ்பீக்கர் சத்தத்தையும் கண்டு மிரண்டு, பூசை முடியும்வரை என் கையை விடவில்லை, வாயைத் திறக்கவும் இல்லை. போனில் பூசை போட்டுக் காட்டினேன். சீரியல் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

வேறு வழி தெரியாமல் ஒரு ஞாயிறு காலை ஆறரைக்கு அவளை நாற்காலியில் உட்காரவைத்து, நானே எதிரில் நின்று கையை விரித்தேன். "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்றேன். கைலி கட்டிக்கொண்டு செய்கிற வேலையா இது. பாவமென்று எனக்கும் தெரியும். அவள் என்னையே முறைத்தாள். மறுபடியும் சொன்னேன். அதே முறைப்பு. மேலே போகலாமென்றால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பாதிப் பூசையை மதில் பக்கத்தில் கழித்தவனுக்கு நடுவில் இருப்பது எப்படித் தெரியும்? உள்ளே உட்கார்ந்த நாட்களிலும் அவள் குரலைத்தான் கேட்டேன். பூசை முடிவில் சாமியார் சொல்வது மட்டும் தெரியும், நேராக அதைச் சொன்னேன்: "சென்று வாருங்கள், திருப்பலி முடிந்தது."

அவள் உச்சுக் கொட்டினாள்.

என் சமையலுக்கும், நான் தப்பான பஸ் ஏறியதற்கும், கல்யாணமான நாளிலிருந்து நான் செய்த எல்லாக் கிறுக்குத்தனத்துக்கும் கொட்டிய அதே உச்சு. கூட்டம் சொல்லித் தானாக வந்தது இல்லை அது. எனக்கென்று வந்தது. உதடு மேலும் அசைந்தது, இப்படி இல்லை என்று திருத்தப் பார்த்தாள், கழுத்து நரம்பு புடைத்தது, வார்த்தை வரவில்லை. இடது கையால் நாற்காலியை ஓங்கி அடித்துவிட்டு அழுதாள். நானும் அழுதேன்.

பயிற்சிப் பெண்ணிடம் இதைச் சொல்லவில்லை. குணமென்று நினைத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்லிவிடும். ஒவ்வொரு ஞாயிறும் ஆறரைக்கு அவள் முன்னால் நிற்கிறேன். இப்போது பூசைப் புத்தகம் வாங்கி முழுவதும் மனப்பாடம் செய்துவிட்டேன், எங்கெங்கே தப்புச் செய்தால் அவளால் பொறுக்கவே முடியாது என்று தெரிந்துகொள்ளத்தான்.